பனிக்குள் நின்ற பதினொரு பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கால்பந்துக் கிளப்பின் கதையை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தக் கிளப்பைத் தொடங்கியவன் நான். முதல் பந்தை வாங்கியவன் நான். மலைச்சரிவை வெட்டித் திடலாக்க, கொழுந்து நிறுத்து முடிந்த சாயங்காலங்களில் மண்வெட்டியோடு முதலில் இறங்கியவனும் நான்தான். படித்தது மூன்றாம் வகுப்பு. இன்றைக்குப் பக்கத்து ஊர் திரிங்காப்பில் விளையும் என் முட்டைக்கோசு என் சொந்த லாரிகளில்தான் மலை இறங்குகிறது. படித்தவர்கள் அந்த லாரிகளுக்கு வழிவிட்டுக் காரை ஓரம் கட்டுகிறார்கள்.

எவ்வளவு வெட்டியும் திடல் ஒரு பக்கம் சாய்ந்தேதான் கிடக்கிறது. மேலிருந்து கீழே ஆடும் பாதியில்தான் கோல் விழும். பந்து தவறினால் தேயிலைக்குள் போய்விடும். கொழுந்து எடுக்கும் பெண்கள் திட்டிக்கொண்டே எடுத்து எறிவார்கள்.

வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் நடக்கும். ஒரு வருஷம் அவர்கள் கீழே ஈப்போ டவுனிலிருந்து ஆள் பிடித்து வந்து எங்களை அடித்துத் துவைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே நான் சட்டம் போட்டேன்: தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் படுத்து எழும்புகிறவன்தான் ஆடலாம். இரண்டு தோட்டமும் ஒத்துக்கொண்டது.

பனிக்கும் ஒரு சட்டம் உண்டு. எங்கள் மலையில் மூடுபனி சொல்லிக்கொண்டு வராது. வந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் முகமே தெரியாது. உடனே விசில் அடிப்பார்கள். பந்து கிடந்த இடத்தில் கிடக்கும், அவனவன் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பனி விலகினால் மறு விசில், ஆட்டம் தொடரும். கீழேயிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லாரும் முழுப் பல்லோடு மணவறையில் உட்கார்ந்தார்கள் என்றால் அது இந்த மூளை போட்ட சட்டத்தால்.

போன வருஷம் தோட்டத்துக்குப் புது மானேஜர் வந்தார். கோலாலம்பூர்த் தமிழ்ப் பிள்ளை, நல்ல மாதிரி. என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

"திடல் சும்மாதானே கெடக்கு, அங்கிள்? டூரிஸ்ட் கார் நிறுத்த எடமில்ல. தீபாவளி மேட்ச் நடந்தா திடல விட்டுர்றேன். நடக்கலன்னா தார் போட்டுருவேன்."

நேராகக் கிளப் செயலாளர் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் அவர்.

"ஆறு பேருக்கு மேல தேறாதுண்ணே," என்றார். "பசங்க எல்லாம் கோலாலம்பூர், சிங்கப்பூர்னு போயிட்டானுங்க."

"லயம் காலியாவா கெடக்கு, சார்?"

"இருக்கானுங்க. பங்களாதேஷ், நேப்பாளத்துல இருந்து வேலைக்கு வந்தவனுங்க. அவனுங்கள எப்படிண்ணே சேக்கிறது? இது நம்ம பசங்க கிளப்பு."

"சட்டத்துல என்னா இருக்கு? லயத்துல படுத்து எழும்புறவன். எந்த ஊர்ல பொறந்தவன்னு இருக்கா?"

"அது அந்தக் காலத்துல போட்டது."

"போட்டது யாரு?"

வாத்தியார் ஆட்டக்காரர் பேர் எழுதும் நோட்டை என் பக்கம் தள்ளினார்.

லயத்தில் சமைத்துக்கொண்டிருந்தவர்களிடம் எனக்குத் தெரிந்த மலாய் மொழியில் விஷயத்தைச் சொன்னேன். மருந்தடிக்கிற பங்களாதேஷ்காரர் ஒருவர், நல்ல உயரம், பந்து என்று கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டே வந்துவிட்டார். அவரைக் கோல் கீப்பராகப் போட்டேன். பயிற்சியின்போது பனி இறங்கியது. சட்டத்தைச் சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் நின்றார்கள்.

ஆட்டத்தன்று என் சின்ன மகன் காரில் வந்து இறங்கினான். கோலாலம்பூரில் பேங்க் உத்தியோகம்.

"அப்பா, நானும் ஆடுறேன்லா. பூட்ஸ் கொண்டாந்திருக்கேன்."

"நீ எந்த லயத்துல படுக்கிற?"

"நான் கொண்டோ ப்ளாட்டுலல்ல இருக்கேன்!"

கோட்டோரம் நிற்கச் சொல்லிக் கையில் கொடியைக் கொடுத்தேன். அவன் அம்மா அன்று எனக்குச் சோறு மட்டும்தான் போட்டாள், பேசவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக் கேப்டன் எங்கள் ஆட்களைப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "என்னாண்ணே, டீம ஏர்போர்ட்டுல போயி எடுத்தீங்களா?"

"ஒங்கப்பன் ஈப்போவுல எடுத்தான். நான் லயத்துல எடுத்தேன். போய் ஆடுறா!"

முதல் பாதியில் மேட்டைப் பார்த்து ஆடி ஒரு கோல் வாங்கினோம். அடுத்த பாதியில் சரிவு எங்களுக்கு. நேப்பாளப் பையன் ஒருவன் ஒரு கோலைத் திருப்பிப் போட்டான். குடையோடு மேல் ஓரத்தில் நின்ற மானேஜர்கூடக் கை தட்டினார். அப்போதுதான் பனி இறங்கியது. விசில் அடித்தார்கள். திடலே காணாமல் போனது.

ஒரு சத்தமும் இல்லை. ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன். புது ஆட்கள். குளிருக்கு லயத்துக்குப் போய்விட்டார்கள் என்றால் ஆட்டம் போச்சு, திடலும் போச்சு. கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். மூடிக்கொண்டேன்.

பனிக்குள்ளிருந்து "ஐயோ!" என்று ஒரு குரல். அடுத்து எங்கள் கோல் கீப்பரின் அதட்டல்: "துங்கு, போஸ்! பெலும் ஹாபிஸ்!"

பொறுங்கள் பாஸ், இன்னும் முடியவில்லை என்று மலாயில் யாரையோ நிறுத்துகிறார். யாரை என்று தெரியவில்லை.

பனி விலகியது. எங்கள் பதினொரு பேரும் விட்ட இடத்திலேயே நின்றார்கள், தலையெல்லாம் ஈரம். எங்கள் கோலுக்கு முன்னால், கீப்பருக்குப் பக்கத்தில், குடையைப் பிடித்தபடி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார் மானேஜர். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்து, திடலுக்குக் குறுக்கே காருக்கு நடந்திருக்கிறார். கீப்பர் மேல் முட்டியிருக்கிறார்.

பக்கத்துத் தோட்டத்துக் கேப்டன் விடுவானா? "அண்ணே, இவரு பன்னெண்டாவது ஆளா? பங்களாவுல படுக்கிறவரு எப்படி ஆடலாம்?"

கொழுந்துப் பெண்கள் சிரித்த சிரிப்பு கீழே ரிங்லெட் ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். மானேஜரும் சிரித்துவிட்டார்.

கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. தேவையாக இருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன்.

ஆட்டம் முடிந்து மானேஜர் என்னிடம் வந்தார். "எல்லாரும் போயிட்டாங்கன்னு நெனச்சேன் அங்கிள்."

"எங்க சார் போவாங்க?" என்றேன், நான் பயந்ததைக் காட்டிக்கொள்ளாமல்.

"டூரிஸ்ட் காரெல்லாம் டீ பேக்டரிக்குப் பின்னால நிக்கட்டும்," என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். "லயத்துல எத்தனை ராத்திரி படுத்தா ஆடலாம், அங்கிள்?"

சட்டம் போட்டவன் நான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.