மாம்பழம் மணக்கிற பேனா

போன் திருத்துறவனிட்ட ஆக்கள் போனை மட்டும் குடுக்கிறதில்ல, பாஸ்வேர்டையும் சேர்த்துத்தான் குடுக்கிறாங்க. கல்முனையில பதினொரு வருஷமா இந்தத் தொழில். என்னைப்போல கடை வச்சு நொந்துபோன சகோதரங்களே, கொஞ்சம் கேளுங்க. கோபத்தோடதான் எழுதுறன்.

புது அத்தர்

சஜீர் மருதமுனைப் பொடியன், இருபத்திரெண்டு வயசு. வாப்பா மௌத்தாப் போயிட்டார். உம்மா தறி அடிச்சு வளர்த்த ஒரே மகன். கத்தாருக்கு வேலை சரிவந்து, மெடிக்கல் செக்கப் மட்டும்தான் மிச்சம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில விரல் நீளத்தில கறுப்பா ஒரு சாமானோட வந்தான். "பேனா, காக்கா! சார்ஜ் ஏறுதில்ல" எண்டான், என்னை அண்ணன் முறை வச்சு. பேனாவுக்கு என்னத்துக்குடா சார்ஜ் எண்டு கேட்க எனக்குப் புத்தி வரவேணுமே! இப்ப எதுக்குத்தான் சார்ஜ் இல்ல எண்டு நினைச்சு, உடைஞ்ச சார்ஜிங் பின்னை ஈயம் வச்சு ஒட்டிக் குடுத்திட்டன்.

ஒட்டக்குள்ள நுனியில இருந்து தேன் நிறத்தில ஒரு எண்ணெய் கையில பட்டது. நல்ல மாம்பழ வாசம். புது அத்தராக்கும் எண்டு ரெண்டு புறங்கையிலயும் தேய்ச்சுக்கொண்டு ஜும்மாவுக்குப் போயிட்டன். அதுவும் முன் சஃப்பில, முதல் வரிசையில! தொழுகை முடிய, பக்கத்தில இருந்த பொடியன் மூக்கை உறிஞ்சி, என்னை மேலயும் கீழயும் பார்த்துக் கேட்டான்: "காக்கா, நீங்களுமா?"

ஆவிதானே

பள்ளிக்கு வெளியில அந்தப் பொடியனைப் புடிச்சு விசாரிச்சன். கஞ்சா எண்ணெயாம்! அதைச் சூடாக்கி உறிஞ்சுற சாமானாம்! எனக்குக் கோபம் உச்சியில ஏறிட்டு. கையைக் கழுவினன், கழுவினன், மணம் போகல்ல.

அடுத்த நாள் சஜீரைக் கடைக்குள்ள இழுத்து வச்சு ஏசினன். அவனுக்கு வெக்கமும் இல்ல, பயமும் இல்ல. "அது புகை இல்ல காக்கா, ஆவிதானே" எண்டு எனக்கே பாடம் எடுக்கிறான்! "டேய், மெடிக்கலுக்கு மூணு கிழமைதான் கிடக்கு, மூத்திரத்தில புடிச்சிடுவாங்கடா, உன்ட உம்மாவை நினைச்சுப் பாரு" எண்டு கத்தினன். அவன் சிரிச்சுக்கொண்டே சொன்னான்: "மாம்பழம் மணக்கிற சாமானை மெசின் எப்பிடிக் காக்கா கண்டுபுடிக்கும்?"

நனைஞ்ச சர்டிபிகேட்

ஒரு கிழமை போக, அவன்ட உம்மா கடைக்கு வந்தாங்க. முந்தானைக்குள்ள இருந்து அதே பேனாவை எடுத்தாங்க. மகன்ட காற்சட்டையைத் துவைக்கக்குள்ள வாளித் தண்ணியில விழுந்திட்டாம். அது பென் டிரைவ், அவன்ட சர்டிபிகேட் எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு எண்டு உம்மாக்கிட்ட சொல்லி வச்சிருக்கான், நாசமாப் போனவன். அவனுக்குத் தெரியாமத் திருத்தித் தரச்சொல்லிக் கெஞ்சினாங்க.

சொல்லியிருக்கவேணும். அந்த இடத்திலயே, முகத்துக்கு நேர சொல்லியிருக்கவேணும். ஆனா நான்தானே அதைத் திருத்திக் குடுத்தவன்! அந்த வெக்கத்தில, "இது இனிச் சரிவராது ராத்தா" எண்டு மட்டும் சொல்லிட்டு, வாங்கி மேசை லாச்சிக்குள்ள போட்டன். அவங்க தலையில கையை வச்சாங்க: "யா அல்லாஹ், பயணம் போற நேரத்தில என்ட புள்ளைட வாழ்க்கையை நானே கெடுத்துப்போட்டனே!"

அன்ஃபிட்

மெடிக்கல்ல சஜீர் பெயில். கத்தார் இல்ல எண்டு ஏஜென்சிக்காரன் முடிவாச் சொல்லிட்டான். அந்த எண்ணெயை வித்தவன் இண்டைக்கும் சந்தியில நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிக்கிறான். கேட்க ஒருத்தன் இல்ல, தூ! சஜீர் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறானாம்.

உம்மா திரும்ப வந்தாங்க. பேனாவுக்குள்ள என்ன இருந்தது எண்டு ஏஜென்சியில விளங்கப்படுத்தி அனுப்பியிருக்காங்க. ஏசுவாங்க எண்டு நினைச்சு எழும்பி நிண்டன். ஏசல்ல. மெதுவாத்தான் கேட்டாங்க: "அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, ஏஜென்சிக்காரன்ட கால்ல விழுந்தாவது, அது உடம்பை விட்டுப் போகும்வரைக்கும் மெடிக்கலைப் பிந்திப் போட்டிருப்பனே தம்பி, உங்களுக்குத் தெரியும்தானே?"

எந்தப் போனையும் திறக்கிறதுக்குப் பத்து விதமான ஸ்க்ரூ டிரைவர் வாங்கி அடுக்கி வச்சிருக்கன் சகோதரங்களே, என்ட வாயைத் திறக்கத்தான் ஒண்டும் வாங்கி வைக்கல்ல.