ஷகீலா அக்கா முகர்ந்து பார்த்த துணி

என் அக்கா ஷண்முகப்ரியாவின் மகன் பிறந்த மூன்றாம் நாள், ரத்தத்தில் காமாலை அளவு பத்தொன்பதைத் தொட்டது. மயிலாப்பூரில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனை. நீல விளக்கின் கீழே கண்கட்டுடன் கிடந்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே ரத்தப் பிரிவு என்பதால் ரத்தம் ஒத்துப்போகாமல் வரும் காமாலையும் இல்லை, காரணம் பிடிபடவில்லை. மாலைக்குள் இறங்காவிட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டும், தாமதித்தால் மூளையைப் பாதிக்கும் என்றார் டாக்டர் சாருலதா.

பால் கொடுக்கக் குழந்தையைத் தூக்கி வந்தவர் ஷகீலா அக்கா. அங்கே இருபத்திரண்டு வருடமாக ஆயா. இரண்டு நாள் விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தார். குழந்தையைச் சுற்றியிருந்த துணியின் நுனியை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னா வாசனை இது? யாரு கொண்ணாந்தது?"

"நான்தான்க்கா" என்றேன். "அப்பாவோட பழைய வேட்டி. மொதல்ல பழந்துணிதான் சுத்தணும்னு அம்மா சொன்னாங்க."

"பொட்டில பாச்சா உருண்டை போட்டு வச்சிருந்தியா?"

"ஆமா, பூச்சி அரிக்காம இருக்க."

"தோச்சியா?"

"உதறி மடிச்சேன்."

"படிச்ச பொண்ணு. நல்லா மடிச்சே, போ" என்றபடி எல்லாத் துணியையும் வாரிக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனார்.

நான் உயிர்வேதியியல் படித்தவள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. ஜி6பிடி என்ற நொதியைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். சிவப்பணு சர்க்கரையைப் பயன்படுத்தித் தன்னைக் காத்துக்கொள்ள உதவும் நொதி அது. அது குறைவாகப் பிறந்த குழந்தைக்குப் பாச்சை உருண்டையிலுள்ள நாஃப்தலீனின் நெடியே சிவப்பணுக்களை உடைக்கலாம், காமாலை ஏறும். விடைத்தாளில் நாஃப்தலீன் என்று சரியாக எழுதியவளுக்கு, பெட்டியைத் திறந்தபோது ஏன் உறைக்கவில்லை?

மாலையில் பதினேழு. ரத்தம் மாற்றவில்லை. மறுநாள் பதினான்கு. நொதி குறைவுதான் என்று பரிசோதனையும் சொன்னது.

எப்படித் தெரிந்தது என்று ஷகீலா அக்காவிடம் கேட்டேன்.

"முன்ன ஒரு புள்ள இப்டித்தான் போய்ட்ச்சு. துணிதான் காரணம்னு அப்போ இருந்த டாக்டரம்மா சொன்னாங்கோ. அன்னிலேர்ந்து எந்தத் துணி வந்தாலும் மோந்து பாக்கறேன். மத்த ஆயாங்கல்லாம் போலீஸ் நாய்னு கூப்டுதுங்க."

அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

கிளம்பும் நாளில், அவனுக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகளின் பட்டியலை டாக்டர் தந்தார். நான் ஷகீலா அக்காவிடம் நன்றி சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தையின் உள்ளங்காலை விரலால் அழுத்தி, விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோசா கலர் வந்துட்ச்சு" என்றார். "இட்டுக்கினு போங்க."