பக்கத்து வீட்டுக் கதிரைகள்

'குறை இல்லை' என்பதைத் தவிர வேறு 'இல்லை' றலியாவின் வாயிலிருந்து லேசில் வராது. கொட்டாஞ்சேனையில் பத்துக் குடும்பம் ஒரே குழாயைப் பங்குபோடும் அந்த வரிசை வீடுகளில் யார் வந்து "சுகமா?" என்று கேட்டாலும், "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல" என்பாள். அடுப்பு மூட்டாத நாளிலும் அதே பதில்தான். அந்தப் பதிலே ஒருநாள் அவள் தலையில் வந்து விழுந்தது.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். துறைமுகத்தில் மூட்டை சுமந்த புருஷன் மவுத்தாகி இரண்டு வருடம். இடியப்பம் அவித்து விற்றுத்தான் மகள் ஹபீலாவைப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். குழாயடியில் வழுக்கி விழுந்து வலக்கை முறிந்தது. எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது. மா பிழியும் கை போனபிறகு இடியப்பம் ஏது? வெள்ளவத்தையில் ஒரு பெரிய வீட்டம்மா, தொட்டில் ஆட்டவும் கோப்பை கழுவவும் ஒன்பது வயது ஹபீலாவை அனுப்பச் சொல்லி ஆள் விட்டிருந்தாள். முதலாந் தேதி வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. போனால் பள்ளிக்கூடம் அத்தோடு சரி.

மிச்சமிருந்தது ஒரு வழி, பிச்சைச் சம்பளம். ஏழைகளுக்கு மாதாமாதம் கொடுக்கும் உதவிப்பணத்துக்கு ஊர் வைத்த பேர் அது. பேரைப் பாருங்கள்! வாங்குகிறவர் தலைநிமிர்ந்து வாங்கிவிடக் கூடாதென்றே எவரோ வைத்திருக்கிறார். அதற்கும் ஆயிரம் சட்டம். விண்ணப்பிப்பவர் உழைக்க ஏலாதவராக இருக்க வேண்டும். உழைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கக் கூடாது, விலைபோகும் சாமான் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டர் வந்து கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.

அவர் வருகிற நாள் தெரிந்ததும் வரிசையே கூடிவிட்டது.

"கந்தோர் மனுசன் வந்து நிலத்திலயோ இருக்கிறது? பொறுங்கோ றலியா, என்ரை கதிரை ரெண்டையும் கொண்டுவாறன்" என்று ஓடினாள் பக்கத்து வீட்டுச் சிவமணி. யாழ்ப்பாணத்துக்காரி, தங்கமான மனசு. கதிரைக்குப் பின்னாலேயே அவள் வீட்டு மணிக்கூடும் வந்து சுவரில் ஏறியது. மூலை வெறுமையாகத் தெரிகிறதென்று எதிர்வீட்டு ஷபீகா தன் தையல் மெஷினையே தூக்கிவந்து வைத்தாள். சீனி வந்தது, பிஸ்கட் வந்தது, பூப்போட்ட கோப்பை வந்தது. அந்த மனுசன் என்னத்துக்கு வருகிறார் என்ற யோசனை மட்டும் ஒருத்திக்கும் வரவில்லை. வீடு தேடி வருகிறவரை வெறும் வீட்டில் இருத்துவதா என்ற வெட்கம்தான் எல்லாருக்கும்.

இன்ஸ்பெக்டர் இரத்தினசிங்கம் கதிரையில் இருந்து, இனிப்புத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "சீவியம் எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல ஐயா."

அவர் சுவரைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். ஒரு கிழமையில் கடிதம் வந்தது. உதவி கிடையாது, மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் பொறுக்க வேண்டும். முதலாந் தேதிக்கோ ஒன்பதே நாள்.

றலியா அன்று அழுதாள். மறுநாள் முகத்தைக் கழுவி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டரின் கந்தோருக்கு நடந்தாள். வாசலில் இருந்த பியோன், "ஆறு மாசம் கழிச்சு வாங்க உம்மா, சட்டம் அது" என்றான். "சட்டம் ஈக்கட்டும், நானும் ஈக்கிறன்" என்று வாசல் வாங்குப் பலகையில் குந்தினாள். அடுத்த நாளும் குந்தினாள். மூன்றாம் நாள் இரத்தினசிங்கமே வெளியே வந்துவிட்டார்.

"ஐயா, என்ட ஊட்டப் பத்தி எழுதினத ஒருக்காப் படிச்சுக் காட்டுங்க."

சலிப்போடு ஃபைலைப் பிரித்து அவர் வாசித்தார். இரண்டு கதிரை, ஒரு மணிக்கூடு, ஒரு தையல் மெஷின். குறை ஒன்றுமில்லையென்று விண்ணப்பகாரியே சொன்னாள்.

"கதிரையும் மணிக்கூடும் சிவமணி அக்காட. மெஷின் ஷபீகாட."

"அப்ப உம்மடை எண்டு அதிலை என்னதான் இருக்கு?"

"குறை இல்லண்டு சென்ன வாய் மட்டுந்தான் ஐயா என்ட."

பியோன் சிரித்தான். இரத்தினசிங்கம் சிரிக்கவில்லை. "விண்ணப்பம் புதுசா எடுக்க ஏலாது. ஆனா என்ரை அறிக்கை பிழையெண்டா நான் திருத்தலாம். வருவன், எப்ப எண்டு சொல்ல மாட்டன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலையிலேயே வந்து நின்றார். சிவமணி பதறிக் கதிரையைத் தூக்கினாள். "வேணாம் அக்கா, வெச்சிடுங்க!" என்று றலியா போட்ட சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது. அவர் பாயில் இருந்தார். அவள் இடக்கையால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வலக்கையால் கொடுக்காததற்கு அவளுக்கு வெட்கம்தான், என்ன செய்ய?

ஒரு மிடறு குடித்தவர், "சீனி இல்லையோ?" என்றார்.

"அண்டைக்கு நீங்க குடிச்சது பக்கத்து ஊட்டுச் சீனி."

"சீவியம் எப்படி?"

பழைய பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கதவடியில் ஹபீலா சிலேட்டோடு நின்றாள். றலியா பிள்ளையைப் பார்க்காமல், இன்ஸ்பெக்டரின் முகத்தை நேரே பார்த்தாள்.

"பசி, ஐயா. ராவு புள்ள மட்டும் திண்டா, நான் திங்கல்ல. இந்தக் கையால ஒரு வேலையும் ஏலா."

தன் உம்மா அப்படிச் சொல்லி ஹபீலா அதுவரை கேட்டதில்லை. இரத்தினசிங்கம் சீனியில்லாத தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு பழைய வரிகளை ஒவ்வொன்றாக வெட்டி எழுதினார்.

முதலாந் தேதி காலையில் வெள்ளவத்தையிலிருந்து ரிக்‌ஷா வந்தது. கிடைக்கப்போகிற பணம் அரிசிக்கே இழுபறிதான், அது றலியாவுக்கும் தெரியும். வந்த ஆள் வாசலில் நின்று, "பிள்ளை எங்க?" என்று கேட்டான்.

"இல்ல" என்றாள் றலியா. "பள்ளிக்குப் போயிட்டா."