ஜானகியின் குத்தூசி

செஞ்சிக் கடைத்தெருவில் தானியமும் பருப்பும் விற்கும் ஜானகி, மூட்டையின் வாயை ஒருநாளும் நம்பியதில்லை. வாய்ப்பக்கம் எவரும் நல்ல சரக்கைத்தான் வைப்பார்கள் என்பது அவளது கொள்கை. அவலூர்பேட்டையிலிருந்து உளுந்து வந்தாலும் மல்லாட்டை எனும் வேர்க்கடலை வந்தாலும், அவிழ்த்துக் காட்டுபவரைப் பொருட்படுத்தாமல் குத்தூசியை எடுத்து மூட்டையின் அடிவயிற்றில் செருகுவாள். குழிவான அந்த இரும்பூசியின் வழியாக, அடியில் கிடப்பது அவளுடைய உள்ளங்கையில் வந்து விழும். அதைப் பார்த்த பின்னரே விலை பேசுவாள்.

நாற்பதைக் கடந்தபின், முதுகுவலிக்காக மருத்துவர் சொன்ன பயிற்சிக்கென்று அவள் திருவண்ணாமலை சாலையிலுள்ள விக்ரமனின் ஜிம்முக்குப் போகத் தொடங்கினாள். வலி போயிற்று, ஜிம் போகவில்லை. தரையில் கிடக்கும் பளுக்கம்பியை இடுப்புவரை தூக்கி நிமிரும்போது, சன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டைமலை நேருக்கு நேராகத் தெரியும். அந்த நொடி அவளுக்குப் பிடித்துப்போனது. கடையில் ஆள் வராத நாட்களில் அரிசி மூட்டையை அவளே நகர்த்துவதைப் பார்த்த சுமைதூக்கி பாண்டுரங்கன், "எங்க பொழப்புல மண்ணப் போட்டுடாதீங்கக்கா" என்று கும்பிடுவான்.

விழுப்புரத்தில் நடக்கவிருந்த மாவட்ட வலுதூக்கும் போட்டிக்கு விக்ரமன் அவளது பெயரை அனுப்புவதாகச் சொன்னபோது, தன் வாழ்க்கையில் முதன்முறையாக ஜானகிக்குக் கடைக்கும் வீட்டுக்கும் அப்பால் ஓர் ஆசை பிறந்தது. ஆனால் அவள் தூக்கும் எடை நூற்றுப்பத்து கிலோவில் நின்றுவிட்டது. எத்தனை வாரம் முயன்றும் அதற்குமேல் ஒரு கிலோகூட ஏறவில்லை.

விக்ரமன் காகிதத்தில் மடித்த பொட்டலம் ஒன்றை நீட்டினான்.

"இத்த பால்ல கலக்கிக் குடிங்கக்கா. நூத்தி இருவது தானா ஏறும்."

"இன்னா இது?"

"பவுடரு. புரோட்டீன். நீங்க முட்டை கூட தொட மாட்டீங்க. வெறும் சாம்பார் சாதத்துல கம்பி ஏறுமா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜானகியின் வீட்டுப் படியை முட்டை தாண்டியதில்லை. அவள் பொட்டலத்தைப் பிரித்து, கடலைமாவைப் பார்ப்பதுபோல் இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள், முகர்ந்தாள்.

"டப்பா எங்க இருக்குது?"

"டப்பாவப் பாத்து இன்னா பண்ணப் போறீங்க? இங்க எல்லாரும் சாப்டுறாங்க."

"கால் கிலோ துவரம்பருப்பு வாங்க வர்றவரே மூட்டையக் காட்டுன்றாரு. நான் என் வயித்துக்குள்ள போடப்போறேன். கேக்கக் கூடாதா?"

விக்ரமனின் முகம் மாறியது. "போன தபா நம்ம ஜிம்முலேர்ந்து போட்டிக்குப் போனவங்க வெறுங்கையோட வந்தாங்க. என் பேருதான் கெட்டுது. நூத்தி இருவது ஏறலன்னா பேர அனுப்ப மாட்டேன். அவ்ளோதான்."

வீட்டில் கணவர் பாலசுப்பிரமணியன் இதைக் கேட்டுச் சிரித்தார். "நல்லதாப் போச்சு, விட்டுடு. அந்தப் பவுடர சாப்ட்டா பொம்பளைங்களுக்கு மீசை மொளைக்குதாம். பஜார்ல பேசிக்கிறாங்க."

"மொளைச்சா நீங்க உங்களுத எடுத்துடுங்க. ஊட்டுக்கு ஒரு மீசை போதும்."

"இல்லம்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு மெடலுன்றேன்."

ஜானகிக்கு விக்ரமனின் பிடிவாதத்தைவிட இந்தக் கேள்விதான் அதிகமாகச் சுட்டது. ஒருவன் தின்றே ஆகவேண்டும் என்கிறான். இன்னொருவர் தூக்கவே வேண்டாம் என்கிறார். அது என்ன பொருள் என்று இருவருக்குமே தெரியாது. மறுநாள் காலை கடையைத் திறக்கும் பொறுப்பைக் கணவரிடம் விட்டுவிட்டு, குத்தூசியைத் துணியில் துடைத்து எடுத்துக்கொண்டு ஜிம்முக்குக் கிளம்பினாள்.

"இன்னாக்கா, ஜிம்முக்கு ஆயுதத்தோட வர்றீங்க?" என்றான் அன்புமணி. ஆட்டோ ஓட்டும் அவன், அங்கே நாள் தவறாமல் பொட்டலம் வாங்குபவன்.

"மூட்டைய சோதிக்க வந்தேன்."

விக்ரமனின் மேசைக்கு அடியில் டப்பா இருந்தது. குடம் அளவுக்குப் பெரியது. மேலே ஒட்டியிருந்த தாள் என்றோ கிழிந்துபோயிருந்தது. அவன் எழுந்து வருவதற்குள் ஜானகி மூடியைத் திறந்து, குத்தூசியை அடிவரை இறக்கி மெல்ல உருவினாள். ஊசியின் குழிவில் மேற்புறம் வெள்ளை நிறப் பொடி நின்றது. அதற்குக் கீழே வெளிர்மஞ்சள். நடுவில் காப்பிநிறம். நுனியில், ஈரம் பட்டு இறுகி, நாற்றம் பிடித்த கருங்கட்டி.

விக்ரமனே குனிந்து அதைப் பார்த்தான்.

"நான் கலக்கலக்கா. சத்தியமா. சரக்கு கொறையும்போது புதுசு வாங்கி மேல கொட்டுவேன். அரிசிப் பானையத் தொடைச்சி வைக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும். யாவாரம் படுத்துடும்னு டப்பாவ நான் காலியே பண்ணதில்ல."

"ஜிம்மு தொறந்ததுலேர்ந்தா?"

அவன் ஆமென்று தலையாட்டினான். அன்புமணி தன் சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். "அண்ணே, நேத்து எனக்குக் குடுத்தது இதுல எந்தக் கலரு?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு விக்ரமனைப் பணியவைக்கவில்லை, முறுக்கேற்றியது. "இன்னா இப்போ? பவுடரே வேணான்றீங்களா? அப்போ ஊட்லயே குந்துங்க. பேரு போவாது."

ஜானகி குத்தூசியை மேசைமேல் வைத்தாள்.

"பவுடரே வேணான்னு நான் சொல்லல. சீல் பிரிக்காத டப்பா, உள்ள இன்னா இருக்குதுன்னு எழுதினது, டாக்டர் பாத்துட்டு சரின்னா நானே வாங்கிக் குடிப்பேன். எங்க ஊட்டுக்காரரு தடுத்தாலும் குடிப்பேன். இது இன்னான்னு உனக்கே தெரியாது. தெரியாதத நான் திங்க மாட்டேன். பேர அனுப்பு, அனுப்பாத. நாளைக்கும் இங்கதான் வருவேன். இதே கம்பியத்தான் தூக்குவேன்."

பிறகு அவள் டப்பாவை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். "அக்கா, தொடைச்சி எடுக்காதீங்க!" என்று விக்ரமன் பதறியபடி பின்னால் ஓடினான். அவள் குப்பைத்தொட்டியில் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டியெடுத்து, குழாயடியில் கழுவினாள். ஈரம் சொட்டும் டப்பாவை ஜிம் வாசலில், போவோர் வருவோர் காணும்படி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள். உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, கம்பியில் தட்டுகளை மாட்டினாள். நூற்றுப்பத்து. மூச்சை இழுத்துத் தூக்கி நிமிர்ந்தாள். சன்னலில் ராஜகிரி நின்றது. அதற்குமேல் ஒரு கிலோ அன்றும் ஏறவில்லை, அவள் முயலவுமில்லை.

அன்புமணி கைதட்டினான். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பொட்டலங்களை மேசையில் வைத்தார்கள். விக்ரமன் அந்தக் குவியலையும் வாசலில் கிடந்த வெறும் டப்பாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, போட்டிக்குப் பெயரை அனுப்பக் கைப்பேசியை எடுத்தான்.

"எவ்ளோன்னு போடட்டும்?" என்று அவளைப் பார்க்காமலே கேட்டான். "நூத்தி இருவதுன்னே போட்டுடவா? அங்க போயி பாத்துக்கலாம்."

"நூத்திப் பத்து," என்றாள் ஜானகி. "அடியில இருக்கறதப் போடு."