தலைவரின் பத்து விநாடி

இலண்டனில் மினிகாப் வாடகைக் கார்களுக்கு ரேடியோ பூட்டுவதுதான் குகனேசனின் தொழில். தேர்த் திருவிழா வந்தால் கோயில் தொண்டர்களின் வோக்கி டோக்கிகளும் அவர் பொறுப்பு. அதில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்வரை மற்றவர்களின் குரல் எடுபடாது. போன வருடம் கோயில் தலைவர் இராசநாயகம் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி வரவேற்புரை நிகழ்த்த, "நிப்பாட்டு" என்ற சொல் யாருக்கும் போய்ச் சேராமல் தேர் ஒரு பஸ்ஸை உரசப் பார்த்தது. இன்னொரு தரம் அப்படி நடந்தால் வீதியில் தேரே இல்லை என்று நகரக் கவுன்சில் சொல்லிவிட்டது.

சுருக்கமாகப் பேசுங்கள் என்று தலைவரிடம் சொல்ல இலண்டனில் ஆள் இல்லை. குகனேசன் கருவியிடம் சொன்னார். யார் பேசினாலும் பத்து விநாடியில் தானாக அறுந்துபோகும்படி கம்ப்யூட்டரில் செற் பண்ணிவிட்டு, வாயே திறக்கவில்லை.

தேர் அசைந்தது. "பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய அடியார்களே, இந்தப் பொன்னான வேளையிலே..." தலைவர் அறுந்தார். உடனே தெருமுனையில் நின்ற தொண்டர் ஷாமளாவின் குரல் புகுந்தது: "பஸ் வருது, நிப்பாட்டுங்கோ!"

தேர் நின்றது. பஸ் போனது. பார்க்க வந்திருந்த கவுன்சில்காரர் அடுத்த வருடத்துக்கும் தலையாட்டினார்.

தலைவர் தன் வோக்கி டோக்கியைக் குகனேசனிடம் நீட்டினார். "என்ர செற் பழுது, தம்பி. கதைக்கக் கதைக்க நிக்குது."

"பாரம் தாங்கேல்லைப் போல, அண்ணை."

மாலையில் நன்றி கூறும் கூட்டம். தலைவர் மைக்கைப் பிடித்தார். வடை ஆறியும் விடவில்லை. குகனேசனின் கண் மட்டும், அந்த மைக்கின் வயர் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருந்தது.