மாசத்துக்கு ஒண்ணு

வலிப்பு டாக்டரின் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே கத்திரிக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஒன்பது வருஷத்துக் கோபம். லேசில் இறங்குமா?

கத்திரி என்பது தையல் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர். நாற்பது அடுக்குத் துணியை மேசையில் விரித்து அவள் கட்டிங் மெஷினை ஓட்டினால் கோடு இம்மி பிசகாது. ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே வலிப்பு வந்து விழுந்தாள். அதோடு அவளைப் பிசிறு வெட்டும் மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். தைத்து முடித்த சட்டைகளில் தொங்குகிற நூலை நறுக்கும் வேலை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். பெயர் மட்டும் கத்திரியாகவே ஒட்டிக்கொண்டது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும்.

பக்கத்து நாற்காலியில் கணவர். நல்ல மனுஷர்தான். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பார். அவரைக் குறை சொன்னால் கேட்கிறவர்கள் கத்திரியைத்தான் முறைப்பார்கள். குடிநீர் ஆபீஸில் எழுத்தர். மேலதிகாரி முகம் சுளிக்கும்படி ஒரு தகவல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. அந்தப் பழக்கத்தை அப்படியே தெருமுனை டாக்டரிடமும் கொண்டுபோனார்.

ஆரம்பத்தில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னார். “இவ்வளவு தடவையா? மாத்திரையை ஒழுங்கா குடுக்கறீங்களா இல்லையா?” என்று டாக்டர் ஒருநாள் எரிந்து விழுந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாரத்துக்கு நாலு தடவை வந்தாலும் “மாசத்துக்கு ஒண்ணு டாக்டர்” என்பார். “அப்ப கட்டுப்பாட்டுலதான் இருக்கு” என்று டாக்டரும் பழைய சீட்டையே மறுபடி எழுதிக் கொடுப்பார். இடையில் ஒரே ஒருமுறை மருந்தை மாற்றினார். அதுவும் கேட்கவில்லை. அதைப் போய் யார் சொன்னது? கத்திரி வாயைத் திறந்தால், “உனக்கு என்ன தெரியும்? நீதான் நினைவில்லாம கிடக்கியே” என்பார் கணவர். அவர் சொல்வது நியாயம் மாதிரியே இருக்கும். அதுதான் கொடுமை!

போன மாதம் கம்பெனியில் விழுந்தபோது மேசைக்காலில் மண்டை மோதி நாலு தையல். தையல் போட்ட சின்ன டாக்டர் பெண்தான் விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, “இதுக்குன்னே தனி டாக்டர் இருக்காங்கக்கா. உங்களை யாருமே அனுப்பலையா?” என்று கடிதம் எழுதிக் கொடுத்தாள். கூடவே, விழும்போது பார்த்தவர் யாரையாவது அழைத்துப் போகச் சொன்னாள். அதனால்தான் இன்றைக்கு காஜா அக்காவும் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மெஷின் அவளுடையது. கத்திரியின் மேசைக்கு நேர் எதிரே.

உள்ளே போனார்கள். டாக்டரம்மா கத்திரியைப் பார்த்துத்தான் கேட்டார். “எத்தனை தடவைம்மா வருது?”

“மாசத்துக்கு ஒண்ணு மேடம். சில மாசம் அதுவும் இல்ல” என்றார் கணவர்.

“பொய்!”

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். தன் குரல் இவ்வளவு பெரிதா என்று கத்திரிக்கே திகைப்பாக இருந்தது.

“பொய் சொல்றாரு டாக்டரம்மா. வாரத்துக்கு நாலு. எனக்கு நினைவு இல்லன்னாலும் என் நாக்குக்குத் தெரியும். கடிச்சுக் கடிச்சு ஆறவே இல்ல.”

“மத்தவங்க முன்னாடி என்ன பேச்சு இது?” என்று பல்லைக் கடித்தார் கணவர்.

“இங்க சொல்லாம வேற எங்க போய்ச் சொல்லட்டும்?”

டாக்டரம்மா கையமர்த்தினார். “இருங்க. ஒரு தடவை வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?”

“அரை நிமிஷம்...” என்று இழுத்தார் கணவர்.

“பதிமூணு காஜா” என்றாள் காஜா அக்கா.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. காஜா அக்கா விளக்கினாள். கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சுவர்க் கடிகாரம் காஜா அக்காவின் முதுகுக்குப் பின்னால். நடுவில் மெஷினை நிறுத்தினால் சூப்பர்வைசர் கத்துவான். பக்கத்தில் இருப்பவர்கள் ஓடிப்போய்க் கத்திரியைப் பிடித்துக்கொள்ள, காஜா அக்கா கண்ணை அவள்மேல் வைத்தபடியே ஓட்டுவாள், எண்ணுவாள். அதை அங்கேயே செய்தும் காட்டினாள். துணியை வை, மிதி, தடதடதட, தள்ளு. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு காஜா ஆறு வினாடி.

“அப்ப ஒரு நிமிஷத்துக்கு மேலயே இருக்கு” என்று சிரிக்காமல் எழுதிக்கொண்டார். “அக்கா, வேற என்ன பார்த்திருக்கீங்க?”

“விழாமலே வர்றதும் உண்டுங்க. முழிச்சபடியே உக்காந்திருப்பா. சட்டைக் காலரை நோண்டிக்கிட்டு, வாயை மென்னுக்கிட்டு. கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. சூப்பர்வைசர் திமிருன்னு திட்டுவான்.”

“அதுவும் வலிப்புதாம்மா.”

கத்திரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டிலும் அதற்குப் பராக்கு என்றுதான் பெயர். எத்தனை ஏச்சு, எத்தனை பேச்சு!

“சரியான ரெண்டு மருந்தை சரியான அளவுல குடுத்தும் நிக்கலன்னா, அப்பவே எங்ககிட்ட வந்திருக்கணும். எதுக்கு ஒன்பது வருஷம்?” என்று கேட்டார் டாக்டரம்மா. கணவர் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்தார்.

ஐந்து நாள் காமிரா வார்டில் தங்கவேண்டும் என்று முடிவானது. தலையில் ஒயர்களை ஒட்டி, தங்கள் கண்காணிப்பிலேயே மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரும்போது படம் பிடிப்பார்கள். மூளையில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தால் சிலருக்கு ஆபரேஷன் செய்யலாம். “எல்லாருக்கும் முடியாது. ஆனா எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாம ஒண்ணும் பண்ண முடியாது. முதல் சில நொடிதான் முக்கியம். முகம், கண்ணு, கை, எல்லாம் தெரியணும்” என்றார். கத்திரி ஒப்புதல் தாளில் கையெழுத்தை அழுத்திப் போட்டாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிவாக்கில் வந்தது. அவளுக்கு வழக்கம்போல ஒன்றும் நினைவில்லை. தெளிந்தபோது நாக்கில் ரத்தம், பக்கத்தில் கணவர், எதிரே டாக்டரம்மா. டாக்டரம்மாவின் முகம் சரியில்லை.

“படம் விழுந்திருக்கும்மா. ஆனா...”

“நான் பார்க்கணும்” என்றாள் கத்திரி.

மடிக்கணினியைக் கட்டில்மேல் வைத்து ஓடவிட்டார்கள். கட்டிலில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கழுத்து மெல்லத் திரும்ப ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான். கணவர் பாய்ந்து வந்து போர்வையை இழுத்து அவள் முகத்தோடு மூடிவிடுகிறார். கதவை வேறு எட்டிப் பார்க்கிறார், யாராவது வருகிறார்களா என்று. நர்ஸ் ஓடிவந்து பிடுங்குவதற்குள் கை கால் எல்லாம் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. மூடக் கூடாது என்று முதல் நாளே அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

“சவுண்டைக் கூட்டுங்க” என்றாள் கத்திரி. போர்வைக்குள் ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

கூட்டினார்கள். அவளுடைய குரல்தான். “மூடாதீங்க... என்னங்க, மூடாதீங்க... மூச்சு முட்டுது...”

“ஆரம்பத்துல பேச முடியுது. மூளையில எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க இது உதவும். ஆனா முகம் தெரியல. இன்னொண்ணு வந்தாத்தான் சொல்ல முடியும்” என்றார் டாக்டரம்மா மெதுவாக.

கத்திரி கணவர் பக்கம் திரும்பினாள். “ஒவ்வொரு தடவையும் இதைச் சொன்னேனா?”

“வலிப்புல உளர்றன்னு நெனச்சேன்...”

“சொன்னேனா இல்லையா?”

“சொல்லுவ.”

“ஒவ்வொரு தடவையும் மூடுனீங்களா?”

அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். “நாலு பேர் பார்த்தா உனக்குத்தானே அசிங்கம்.”

“எனக்கு என்ன அசிங்கம்? எனக்கு மூச்சு வேணும். அசிங்கமெல்லாம் உங்களுக்குத்தான்.”

கத்திரி போர்வையைச் சுருட்டி நர்ஸ் கையில் கொடுத்து, இந்த அறையிலேயே இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். வெளியே போக எழுந்த கணவரைப் போகவிடவில்லை.

“அப்படியே சுவரோரமா உக்காருங்க. கையைத் தொடைக்கு அடியில வச்சுக்குங்க. அடுத்தது வரும்போது கண்ணை எடுக்காம என்னைப் பாருங்க. நான் என்ன சொல்றேன்னு கேட்டு, அதை அப்படியே டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கத்திரி தலையணையைச் சாய்த்துவைத்துக் காமிராவுக்கு நேராக முகத்தை நிமிர்த்தினாள். வரட்டும் என்று காத்திருந்தாள்.