“ஆதரவற்ற” என்ற சொல்லோடு அரியலூருக்கு

“யாருமில்லைன்னு சொல்லுங்க சித்தி.” டீக்கடையில் ஒருமுறை சொல்லிவிட்டு, அன்று அரியலூர் கலெக்டர் ஆபீஸில் மறுபடி நாக்கு நுனிவரை வந்தும் நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இது.

சென்ற ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். சித்தப்பா இறந்தபின் சித்தி கொடுத்த ஆதரவற்ற விதவை ஓய்வூதிய மனு, “தம்பி ஆதரவில் வசிக்கிறார்” என்ற ஒற்றை வரியோடு திரும்பியிருந்தது. விசாரிக்க வந்தவரிடம் சித்திதான் அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி, அதாவது என் மாமா, முந்திரிக்காட்டுக் கூலி. மூன்று பிள்ளைகள்.

நான் வேலை பார்க்கும் பெரம்பலூரில் 7:10க்கு பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர், 25 ரூபாய். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர 8:20 ஆனது. ஜெயங்கொண்டத்திலிருந்து எனக்கு முன்பே வந்துவிட்ட சித்தி, டீக்கடையில் வடை வாங்கி வைத்திருந்தார்.

“இந்தத் தடவை கேட்டா, ஆதரிக்க யாருமில்லைன்னு சொல்லிடுங்க சித்தி.”

“உசுரோட இருக்குற தம்பிய இல்லைங்கவா? அவன் வூட்டுச் சோத்தத் தின்னுட்டா? நல்லா படிச்சடி நீ!”

கலெக்டர் ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோ தலைக்கு 15 ரூபாய். ஒன்பது மணிக்கு வரிசையில் நின்றோம், பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அலுவலர் மனுவைப் படித்துவிட்டுக் கேட்டார்:

“ஒங்கள ஆதரிக்க யாரும் இல்லையாம்மா?”

“ஏன் இல்லாம? தம்பி இருக்கான். ராசாவாட்டம் பாத்துக்கிறான்.”

“ராசா இருக்கறப்ப இங்க எதுக்கு வந்தீங்க?” என்றது பின்னால் ஒரு குரல்.

“ராசாவுக்கே ரேஷன் அரிசிதான்,” என்றார் சித்தி, திரும்பிப் பார்க்காமல்.

அலுவலரும் சிரித்துவிட்டார். பிறகு கேள்வியை மாற்றினார். “தம்பி சோறு போடுறாரு, சரி. ஒங்க பேர்ல நிலம், வருமானம், சம்பாதிக்கிற புள்ளைங்க?”

“ஒன்னுமில்லம்மா. புள்ளையும் இல்ல. மாத்திரைக்குக்கூட அவன் கையத்தான் பாக்கணும்.”

மனுவின் மேல் “மறு விசாரணை” என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஏழைக்கு ஏழை தரும் கவளத்தை அரசு தன் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளக் கூடாது. அதன் மேல்தான் தன் பங்கைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் தண்டனை பெறுவது தம்பியின் நல்ல மனசுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போகிறவர்களுக்கு: இறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு நிராகரித்த தாளையும் மறக்காதீர்கள். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் நகர வேண்டாம். முக்கியமாக, நீங்கள் கூட்டிப் போகிறவருக்கு, நான் டீக்கடையில் செய்ததுபோலப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்காதீர்கள். வருமானத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் போதும்.

பத்து நாளில் மறுபடி விசாரிக்க வந்தார்கள். கார்த்திகையில் சித்தியின் வங்கிக் கணக்கில் முதல் ஓய்வூதியம் ஏறியது.